பன்னிரண்டு மாதம் என்றேன்

ஞாயிறு, 4 ஆகஸ்ட்

குக்கருக்குப் புது வாஷர் போட்டேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து, காலை ஒன்று, மாலை ஒன்று. மாலை ஐந்து மணிக்கு முதல் அழைப்பு.

மும்பையில் எங்கள் யூத சமூகத்தாரின் அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. தாயையோ தந்தையையோ இழந்து தனியே நிற்கும் இளைஞர்களை ஒரு பெரியவர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசவேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். நடத்துகிறவர் திருமதி அஷ்டம்கர். ஜூனிலிருந்து மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மறுத்தேன். நான்காம் முறை, "எங்க பட்டியல்ல தமிழ் பேசற பெரியவர் நீங்க ஒருத்தர்தான், மிஸ்டர் தல்கர்" என்றார். தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

படிவத்தில் 'உங்கள் பின்னணி' என்று ஒரு கட்டம். எழுதினேன்: ஹனோக் தல்கர், வயது 73, மணமாகாதவர், கணிதத்தில் எம்.ஏ., ரயில்வே தலைமை அலுவலகத்தில் கால அட்டவணைப் பிரிவில் 31 ஆண்டுகள். முன்னோர் கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டியவர்கள். பாட்டனார் ரயில்வே வேலையாக மதராஸ் வந்தார். வீட்டில் மராத்தி, வெளியில் தமிழ், வேண்டுதலுக்கு ஹீப்ரு.

எனக்குக் கொடுத்திருக்கும் பெண் மில்கா பென்கர், வயது 24, ஜோலார்பேட்டை. தாய் பதின்மூன்று வருடத்துக்கு முன்பே போய்விட்டார். தந்தை எலியா பென்கர் சரக்கு வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், ஜூன் 20 அன்று மாரடைப்பில் காலமானார். உடன்பிறந்தோர் இல்லை.

பதினோரு கேள்விகள் எழுதிவைத்திருந்தேன். நான்கு நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

"அங்கிள், பேப்பரைப் பாத்துப் படிக்கிறீங்களா?"

"ஆமாம்மா."

"அதான் பாத்தேன். சென்ட்ரல் ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரியே இருந்துச்சு."

சிரித்தாள். அடுத்த வாரம் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளவேண்டும்.

ஞாயிறு, 11 ஆகஸ்ட்

எங்கள் முன்னோரின் ஆலயம் இடிந்ததன் நினைவாக இன்று நோன்பு நாள். ஜோலார்பேட்டையில் தனியாக அவளும் நோன்பு இருக்கிறாள் என்று தெரிந்து வியந்தேன். அவளுடைய தந்தைக்கான வேண்டுதலைச் சொல்லப் பத்து ஆண்கள் கூடவேண்டும். சென்னையிலேயே பத்துப் பேர் தேறுவதில்லை. மும்பை ஜெப ஆலயத்தில் சொல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்றேன். "இங்க அப்பாவோட சேர்த்தே நாங்க ரெண்டு பேருதான அங்கிள்" என்றாள்.

திங்கள், 12 ஆகஸ்ட்

மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் நாளை வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு, 18 ஆகஸ்ட்

இன்று அவள் முதல்முறையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

மில்கா பாடகி. திருப்பத்தூரிலிருந்து ஆம்பூர் வரை கல்யாண வரவேற்புகளில் பாடும் மெல்லிசைக் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறாள். முதல் குரல் அவளுடையது. எங்கள் ஓய்வுநாளான வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் நிகழ்ச்சிக்கு வருவதில்லை என்ற நிபந்தனையின் மேல்தான் தந்தை அவளை அனுப்பினாராம். குழுத் தலைவர் ஞானவேல் அதை ஒரு நாளும் மீறச் சொன்னதில்லை. தந்தை இறந்தபின் துக்கத்தின் முதல் முப்பது நாள் முடிந்தது, பிறகு ஆடி மாதம், கல்யாணம் இல்லை.

"ஆவணி பொறந்துடுச்சு அங்கிள். நிறைய முகூர்த்தம் புக் ஆயிருக்கு. ஞானவேல் அண்ணன் கேக்கறாரு. அப்பா போய் வருஷம் ஆகல. நான் மேடையேறிப் பாடலாமா? நம்ம வழக்கத்துல என்ன சொல்லியிருக்கு?"

தாய் தந்தையை இழந்தவர் பன்னிரண்டு மாதம் பாட்டுக் கச்சேரிக்கும் கொண்டாட்டத்துக்கும் போகலாகாது என்று சொன்னேன். துக்க விதிகள் உள்ள புத்தகத்தை எடுத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததுதான்.

"வருஷம் பூராவா?"

"பன்னிரண்டு மாதம்."

"வீட்டுல சும்மா முணுமுணுக்கறது?"

"அதையும் தவிர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்."

"அப்பாவுக்காகன்னா சரி அங்கிள்" என்றாள்.

சந்தேகம் வரும்போது கடுமையான பக்கம் சாய்ந்துவிட்டால் யாருக்கும் தீங்கில்லை. அட்டவணை போடும்போது ஒவ்வொரு வண்டிக்கும் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்துவைப்போம். வண்டி முன்னதாக வந்துவிட்டது என்று எந்தப் பயணியும் புகார் எழுதியதில்லை.

செவ்வாய், 20 ஆகஸ்ட்

அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்பினேன். 'அளித்த ஆலோசனை' என்ற கட்டத்தில், 'துக்க ஆண்டு முழுவதும் பாடுவதைத் தவிர்க்குமாறு' என்று எழுதினேன். எழுதிப் பார்த்தபோது ஏதோ உருப்படியாகச் செய்ததுபோல் இருந்தது.

ஞாயிறு, 25 ஆகஸ்ட்

ஞானவேலிடம் சொல்லிவிட்டாளாம். "உங்க சாமி எங்க ஸ்டேஷன் மாஸ்டரை விடக் கறாரா இருக்காரேம்மா" என்றாராம் அவர். குடியாத்தத்திலிருந்து வேறு ஒரு பெண்ணைக் கூட்டிவந்திருக்கிறார்.

மில்கா ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். கடையில் நாள் முழுக்க எஃப்.எம். பாடுகிறது, அது தவறா என்று கேட்டாள். காதில் விழுவது தவறில்லை, கேட்பதுதான் தவறு என்றேன். எனக்கே அது அவ்வளவு தெளிவாக இல்லை.

ஞாயிறு, 1 செப்டம்பர்

இஸ்ரேலில் திமோனா என்ற ஊரில் அவளுடைய அத்தை தீனா இருக்கிறார். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை வாங்கித்தருகிறேன், வந்துவிடு என்று பல வருடமாகக் கூப்பிடுகிறாராம். இதுவரை மில்கா பிடி கொடுக்கவில்லை. இப்போது விண்ணப்பப் படிவம் வாங்கியிருக்கிறாள்.

"திடீரென்று ஏன்?"

"திடீர்னு இல்ல அங்கிள். அப்பா இல்ல. பாட்டும் இல்லன்னா இந்த ஊர்ல எனக்குன்னு என்ன இருக்கு? ஜெராக்ஸ் மிஷின்தான் இருக்கு."

நல்ல முடிவாக இருக்கலாம் என்றேன். உறவினர் அருகில் இருப்பது நல்லது.

அழைப்பு முடிந்தபின் வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். காரணம் ஒன்றும் இல்லை.

ஞாயிறு, 8 செப்டம்பர்

கறிவேப்பிலைச் செடிக்குச் சாம்பல் போட்டேன்.

"நீங்க ஏன் அங்கிள் இஸ்ரேல் போகல? உங்க காலத்துல எல்லாரும் கெளம்பிப் போனாங்கன்னு அப்பா சொல்வாரு."

வேலை இருந்தது என்றேன். பெரம்பூர் ரயில்வே காலனியில் எங்களவர் ஆறு குடும்பம் இருந்ததையும், அறுபத்தொன்பதில் கடைசியாக லியா வீட்டார் புறப்பட்டதையும் சொன்னேன். பம்பாய் மெயிலில் போனார்கள்.

"லியா யாரு?"

"பக்கத்து வீட்டார்."

"வீட்டார்னா பன்மை. லியான்னா ஒருத்தி."

இந்தக் காலத்துப் பெண்கள் இலக்கணம் நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

வியாழன், 12 செப்டம்பர்

அறிக்கை திரும்பி வந்துவிட்டது. 'ஆலோசனைக்கான ஆதாரம்' என்ற கட்டத்தை நான் காலியாக விட்டிருக்கிறேன். நூலின் பெயர், பக்கம், அல்லது கேட்டறிந்த பெரியவரின் பெயர் வேண்டுமாம். இப்படி ஒரு குறையோடு ஒரு தாளை அனுப்பியதற்கு வெட்கப்பட்டேன்.

புத்தகத்தைத் தேடுவதைவிடக் கேட்டுவிடுவது சுலபம் என்று, தாணேயில் ஜெப ஆலயத்தில் வேண்டுதல் நடத்தும் ஹசான் பின்யாமினுக்கு ஃபோன் செய்தேன். மராத்தியில் நடந்த பேச்சு. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

"கல்யாணத்துல பாடறது அந்தப் பொண்ணுக்குப் பொழைப்பா, பொழுதுபோக்கா?"

"பிழைப்பு."

"முப்பது நாள் ஆச்சா?"

"ஆயிற்று. எண்பத்துநான்கு நாள்."

"அப்பறம் என்ன? விருந்தாளியாப் போயி உக்காந்து ஆனந்தப்படக்கூடாது. வேலையாப் போகலாம். சமையல்காரனுக்கு அம்மா செத்துட்டா வருஷம் பூரா அடுப்பு மூட்ட மாட்டானா? பொம்பளை மேடையில பாடறதைப் பத்தி நீங்க கேக்கல, நானும் சொல்லல. மத்தபடி இதுல ஒரு சந்தேகமும் இல்லை."

நான் பன்னிரண்டு மாதம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன்.

"யாரு உங்களுக்கு அப்படிச் சொன்னது? முப்பது நாள் முடிஞ்சா துக்கக்காரன் கல்யாணமே பண்ணிக்கலாமே, ஐயா."

"என் தந்தை இறந்தபோது சின்னத் தாத்தா சொன்னார். பன்னிரண்டு மாதம், எதுவும் கூடாது என்று."

"எந்த வருஷம்?"

"அறுபத்தெட்டு."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

பிறகு, "சரி, சாப்பிடுங்க, அப்பறம் பேசலாம்" என்றார்.

மதியம் சமைக்கவில்லை. நறுக்கிவைத்த அவரைக்காயை மாலையில் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன். பசி இல்லை.

வெள்ளி, 13 செப்டம்பர்

சூரியன் மறைவதற்குள் எழுதி முடிக்கவேண்டும்.

புத்தகம் என் அலமாரியிலேயே, இரண்டாம் தட்டில் இருந்தது. பக்கம் 211. ஹசான் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கிறது, பிழைப்பைப் பற்றியும், அவர் கடைசியாகச் சொன்ன அந்த இன்னொன்றைப் பற்றியும். பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. என் கோடுதான், அடிமட்டம் வைத்துப் போட்டது. எப்போது போட்டேன் என்று நினைவில்லை.

ஞாயிறு, 15 செப்டம்பர்

சொல்லவில்லை. பாஸ்போர்ட் வேலையாக இரண்டு முறை வேலூர் போய்வந்த களைப்பில் இருந்தாள். களைத்திருப்பவரிடம் சொல்லும் செய்தி அல்ல அது.

திங்கள், 16 செப்டம்பர்

ஒரு தாளை இரண்டாக மடித்துக் காரணங்களை எழுதினேன்.

சொல்லவேண்டும் என்பதற்கு ஒரே காரணம், அது உண்மை. சொல்லவேண்டாம் என்பதற்கு எட்டுக் காரணம் வந்தது. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசி ஒன்றை அடிக்க முடியவில்லை. பாடலாம் என்று தெரிந்தால் அவள் இங்கேயே தங்கிவிடக்கூடும். அவள் தங்கினால் ஞாயிறு ஐந்து மணியும் தங்கும். எனக்கு அது வேண்டும் என்று தெரிகிறது. அப்படியானால் நான் சொல்லப்போவது திருத்தமா, அல்லது அவளைப் பிடித்துவைக்க ஒரு தந்திரமா? சொல்லாமல் விட்டது கோழைத்தனமா, அல்லது நேர்மையா?

அவள் போக விரும்பிப் போகவில்லை, என் வாயால் போகிறாள். இதைத் தாளில் எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியவில்லை. தாளைக் கிழித்துப்போட்டேன்.

ஞாயிறு, 22 செப்டம்பர்

"அங்கிள், என்னமோ சொல்ல வந்தீங்க."

"ஒன்றுமில்லையம்மா. லைன் சரியில்லை."

லைன் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிறு, 29 செப்டம்பர்

இன்று அஸ்தமனத்தோடு எங்கள் புத்தாண்டு பிறக்கிறது. இரண்டு ஆப்பிள், தேன் வாங்கிவைத்தேன். மாலை நான்குக்கே அழைத்தேன்.

"ஒவ்வொரு வருஷமும் இன்னைக்குச் சாயங்காலம் தேன் தொட்டுச் சாப்பிட்டதும் அப்பா என்னைப் பாடச் சொல்வாரு. அவருக்கு ஹீப்ரு பாட்டெல்லாம் ராகம் வராது, மேஜையில தாளம் மட்டும் போடுவாரு, அதுவும் தப்பாப் போடுவாரு." சிரித்தாள். "இந்த வருஷம் வாயை மூடிட்டுத் தேனை மட்டும் சாப்பிடப்போறேன். விதின்னா விதிதான அங்கிள்."

புத்தாண்டு வாழ்த்துச் சொன்னேன். அவளும் சொன்னாள்.

புதன், 2 அக்டோபர்

புத்தாண்டின் இரண்டு நாளும் எழுதவில்லை.

அடுத்த புதன்கிழமை பாவ நிவாரண நாள். கடவுளுக்குச் செய்த குற்றத்தைக் கடவுள் அன்று மன்னிப்பார். மனிதருக்குச் செய்ததை மன்னிக்க அவருக்கே அதிகாரம் இல்லை. அந்த மனிதரிடம் போய்க் கேட்கவேண்டும், மறுத்தால் மூன்று முறை வரை கேட்கவேண்டும். எழுபத்துமூன்று வருடத்தில் நான் யாரிடமும் போய்க் கேட்டதில்லை. யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று நினைத்திருந்தேன். யாருக்கும் எதுவும் செய்யவில்லை என்பதே சரி.

திங்கள் காலை வண்டிக்கு ஜோலார்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தேன்.

ஞாயிறு, 6 அக்டோபர்

நாளை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். "எதுக்கு அங்கிள் இவ்ளோ தூரம்?" என்றாள். நேரில் சொல்கிறேன் என்றேன். பிறகு தனியாக மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த விதமும் நன்றாக இல்லை.

திங்கள், 7 அக்டோபர்

இன்று ஆயுத பூஜை என்பது எனக்கு நினைவில்லை. வழியெல்லாம் என்ஜின்களுக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனம் பூசியிருந்தார்கள். வண்டி பதினைந்து நிமிடம் தாமதம்.

பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். அறக்கட்டளை அனுப்பிய படத்தில் பார்த்ததைவிட உயரம். ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இரண்டு அறை வீடு. சுவரோரம் அட்டைப் பெட்டிகள் நான்கு, மேலே மார்க்கரில் 'பாத்திரம்', 'அப்பா துணி', 'அப்பா புக்', 'யாருக்காவது' என்று எழுதியிருந்தது. டீ கொடுத்தாள்.

டீயைக் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு, குடித்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று தோன்றி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நான் சொன்னது தவறு, பிழைப்புக்காகப் பாடுகிறவர் முப்பது நாளுக்குப் பிறகு பாடலாம், புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று. மூன்று வாக்கியம்தான்.

வெளியே ஒரு சரக்கு வண்டி போய்முடிகிறவரை காத்திருந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"செப்டம்பர் பன்னிரண்டு."

"இன்னைக்கு அக்டோபர் ஏழு."

"இருபத்தைந்து நாள்."

"நடுவுல மூணு தடவை போன்ல பேசினீங்க."

"நான்கு. நேற்றையும் சேர்த்து."

"அதுலயாவது கரெக்டா இருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஒன்பது முகூர்த்தம் அங்கிள். ஒன்பது மேடையில அந்தக் குடியாத்தத்துப் பொண்ணு என் எடத்துல நின்னுருக்கா. நான் இங்க உக்காந்து பெட்டி கட்டிட்டு இருக்கேன்."

"ஆமாம்."

"அப்பா செத்தப்ப நான் அழவே இல்ல. தெருவே பாத்துட்டு இருந்துச்சு, அழ வரல. அப்பறம் நீங்க பாடக்கூடாதுன்னு சொன்னீங்க. பாடாம இருக்கறப்ப நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருந்துச்சு. சரி, இதுதான் நான் அழற அழுகைன்னு நெனைச்சுக்கிட்டேன். இப்ப வந்து அதுவும் தேவையில்லைன்னு சொல்றீங்க. அப்ப நான் அப்பாவுக்கு என்னதான் பண்ணேன்?"

பதில் இருந்திருந்தாலும் சொல்லியிருக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

மன்னிக்கவேண்டும் என்று கேட்டேன்.

"இப்ப முடியாது அங்கிள்."

"சரியம்மா. மூன்று முறை கேட்கலாம் என்று வழக்கம். இது முதல் முறை."

"அதுக்கும் ஒரு விதி வெச்சிருக்கீங்களா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இருந்ததே இரண்டு டம்ளர், வெகுநேரம் கழுவினாள்.

அவள் திரும்பி வந்தபோது, யாரும் கேட்காமலேயே, எனக்கும் ஒருவர் பன்னிரண்டு மாதம் என்று சொன்னார், நானும் அப்போது புத்தகத்தைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"லியாவா?"

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், ரயில்வே வீட்டுப் பெண். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு என்னுடன் நடந்தாள்.

வழியில்தான் மெல்லிசைக் குழுவின் கொட்டகை. கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் மைக்குகளுக்கும் சந்தனப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மில்கா பார்க்காமல் கடந்துபோகப் பார்த்தாள். உள்ளேயிருந்து பருத்த மனிதர் ஒருவர் வெள்ளை வேட்டியில் வந்தார். ஞானவேல்.

"என்ன மில்கா, சாமி லீவு முடிச்சுட்டாரா?"

"சாமி அப்பவே முடிச்சுட்டாராம்ண்ணே. இவருதான் தபாலை லேட்டாக் கொண்டாந்திருக்காரு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பொரியும் சுண்டலும் வைத்த பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். பூஜையில் வைத்தது எங்களுக்கு ஆகாது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, அவரு சாப்பிட மாட்டாரு. சாமிக்கு வெச்சது."

"ஓ, நீ கடைப்பிடிக்கற அதே சட்டமா? எங்க வீட்டம்மா கூட இவ்ளோ சட்டம் போட மாட்டாங்க சார்." பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு அவளிடம், தணிந்த குரலில், "மொதல் குரல் இப்ப அந்தப் பொண்ணு கையில இருக்கு, புடுங்கி உனக்குக் குடுக்க முடியாது. பாவம், அதுவும் நல்லாத்தான் பாடுது. ரெண்டாவது குரலா வரியா?" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

பிளாட்பாரத்தில் என்னுடன் நிற்கவில்லை. வண்டி வரும் இடத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

செவ்வாய், 8 அக்டோபர்

நோன்புக்கு முந்தைய உணவை மூன்றரைக்கு முடித்தேன். நான்குக்கு அழைத்து இரண்டாம் முறை கேட்டேன்.

"இன்னும் இல்ல அங்கிள்."

கோபம் குறைந்த குரலா, களைத்த குரலா என்று தெரியவில்லை. அஸ்தமனம் 5.58.

வியாழன், 10 அக்டோபர்

நேற்று நோன்பு. எழுதவில்லை.

காலை அவளே அழைத்தாள், வியாழக்கிழமையில். "அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க. நானே படிச்சுக்கறேன்" என்றாள். அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து:

"ஓரத்துல கோடு யாரு போட்டது?"

"நான்."

"எப்ப?"

"நினைவில்லையம்மா."

"மை மாதிரி இல்ல. பென்சில். மங்கிப்போயிருக்கு."

"பழையதாக இருக்கலாம்."

"கீழே கல்யாணம்னு இருக்கற வரிக்கும் அதே கோடு வருது அங்கிள்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. "நேத்து சாப்பிடாம இருந்தது உடம்புக்கு ஒண்ணும் பண்ணலயே? இன்னைக்குக் கஞ்சி குடிங்க" என்றாள்.

கஞ்சி வைத்தேன்.

ஞாயிறு, 13 அக்டோபர்

அத்தையிடம் ஆறு மாதம் அவகாசம் கேட்டிருக்கிறாளாம். அத்தை கோபமாக இருக்கிறார். பெட்டிகளில் 'யாருக்காவது' மட்டும் போய்விட்டது, மற்றவை அப்படியே இருக்கின்றன. இரண்டாவது குரலாகப் போவதா, ஆறு வருடம் நின்ற இடத்தை விட்டுப் பின்னால் நிற்கத் தன்னால் முடியுமா என்று தெரியவில்லை என்றாள்.

"நீங்க என்ன சொல்றீங்க அங்கிள்? போகட்டுமா, இருக்கட்டுமா?"

இதற்கு நான் தயாராக இல்லை. எழுதிவைத்தது எதுவும் கையில் இல்லை.

"நீ போகக்கூடாது என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சைக் கேட்காதே."

லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன்.

"இருக்கேன் அங்கிள்." அவள் பக்கம் ஒரு சரக்கு வண்டி கடக்கும் ஓசை. "நீங்க இதுவரைக்கும் குடுத்த ஆலோசனையிலயே இதுதான் உருப்படி."

செவ்வாய், 15 அக்டோபர்

திருமதி அஷ்டம்கருக்கு எழுதினேன். தவறான ஆலோசனை அளித்ததையும், தவறென்று தெரிந்தபின் 25 நாள் மறைத்ததையும் நாள்வாரியாகக் குறிப்பிட்டு, என்னைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

வியாழன், 17 அக்டோபர்

பதில் வந்தது. இந்த முறை எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருப்பதில் மகிழ்ச்சி, தொடரவும், என்று இருக்கிறது. கடிதத்தைப் படித்தார்களா என்று தெரியவில்லை.

திங்கள், 4 நவம்பர்

இரண்டாவது குரலாகப் போகச் சம்மதித்துவிட்டாள். வரும் ஞாயிறு மாலை வாணியம்பாடியில் ஒரு வரவேற்பு. "வரீங்களா? எனக்குத்தான விருந்தாளியா உக்காரக்கூடாது. உங்களுக்குத் துக்கம் ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

இல்லை என்றேன். அழைப்பிதழ் இல்லாத கல்யாணத்துக்கு எப்படிப் போவது? ஞானவேலின் விருந்தாளியாகப் போகலாமாம். வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தேன்.

திங்கள், 11 நவம்பர்

நேற்று போய்வந்தேன். இரவு அங்கேயே ரயில்வே ஓய்வறையில் தங்கி, காலை வண்டியில் திரும்பினேன்.

கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சிறிய மேடையில் பாட்டு. குடியாத்தத்துப் பெண் முன்னால், ஜரிகைத் துப்பட்டாவோடு. மில்கா ஓரடி பின்னால், சாதாரண நீலச் சுடிதாரில். நான்கு பாட்டுக்கு அவளுடைய குரல் அந்தப் பெண்ணின் குரலுக்கு அடியிலேயே இருந்தது. உற்றுக் கேட்டால்தான் தெரியும். நான் உற்றுக் கேட்டேன்.

பிறகு ஞானவேல் மைக்கில், விரும்பிய பாட்டைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்றார். ஒரு தட்டில் தாள் துண்டுகள் வந்தன. பக்கத்தில் இருந்தவர், வாணியம்பாடித் தோல் கடைக்காரர், தன் சீட்டை எழுதி முடித்துவிட்டு, "பெரியவரே, நீங்களும் ஒண்ணு எழுதுங்க. உங்க காலத்துப் பாட்டு ஏதாச்சும்" என்று பேனாவை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். "அட, ஓசிதானே" என்றார்.

மூன்றாம் முறை இன்னும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வாங்கி எழுதினேன். தட்டு நகர்ந்துவிட்டது. எழுந்து போய்ப் போடவேண்டியதாயிற்று. எல்லாரும் பார்ப்பதுபோல் இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

ஏழெட்டுச் சீட்டுக்குப் பிறகு ஞானவேல் ஒன்றை எடுத்து இரண்டு முறை படித்தார். "பேரு போடாம ஒரு சீட்டு வந்திருக்கு. கையெழுத்து மட்டும் அச்சடிச்ச மாதிரி இருக்கு. என்ன எழுதியிருக்காருன்னா, 'மில்கா பாட விரும்பும் பாட்டு, எதுவானாலும்.' இது என்னய்யா புதுசா இருக்கு?" சிலர் சிரித்தார்கள். குடியாத்தத்துப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் மைக்கை எடுத்து மில்காவிடம் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்டு வைத்துக்கொள்ளாதது தவறு.

மில்கா முன்னால் வந்து நின்றாள். கீபோர்டுக்காரர் எந்தச் சுருதி என்று சைகையில் கேட்டார். அவள் மைக்கைப் பிடித்தபடியே நின்றாள். கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் கலையத் தொடங்கியது. ஞானவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வரிசையை அவள் தேடினாளா, எனக்குத் தெரியாது, என் கண்ணில் விளக்கு அடித்தது.

பிறகு வாத்தியம் இல்லாமலே தொடங்கினாள். எந்தப் பாட்டு என்று எழுதப்போவதில்லை, அது அவள் தேர்ந்தது. இரண்டாம் அடியில் கீபோர்டு சேர்ந்துகொண்டது. சரணத்துக்கு வந்தபோது குரல் உடைந்தது. நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், உடைந்த குரலை அப்படியே கொண்டுபோனாள். முன்னால் ஆடிக்கொண்டிருந்த குழந்தைகள் ஆடிக்கொண்டே இருந்தன. தோல் கடைக்காரர், "என்ன ஃபீலிங்கா பாடுது பாருங்க" என்றார். நூற்று நாற்பத்துமூன்று நாளாக அழாத பெண் அங்கே வேலையாக நின்று அழுதுகொண்டிருப்பது அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை. பாட்டைக் கடைசி வரிவரை பாடினாள், பல்லவியையும் இன்னொரு முறை.

பாட்டு முடிந்ததை மண்டபத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவரவர் பேச்சில் இருந்தார்கள்.

கை தட்டினேன். எனக்கு முன்னால் யாரும் தட்டத் தொடங்கியிருக்கவில்லை.